கலங்கல் தெளியும் வேகம்

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை வார்க்கும் பட்டறைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுகள்தான். அச்சின் இரண்டு பாதிகளையும் சேர்த்து ரப்பர் பட்டை போட்டுக் கட்டி, மேலே உள்ள வாய் வழியாகக் களிமண் குழம்பை ஊற்றுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் குழம்பின் மட்டம் தானாக இறங்கும். இன்னும் கொஞ்சம் ஊற்றி நிரப்புவார்கள். பிறகு அச்சைக் கவிழ்த்தால் மிச்சக் குழம்பு வெளியே கொட்டிவிடும். உட்சுவரில் சில மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒரு தோல் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். காய்ந்து, சூளையில் வெந்து, பிள்ளையாராகவோ உண்டியலாகவோ கடைக்குப் போவது அந்தத் தோல்தான்.

அச்சு ஏன் குழம்பைக் குடிக்கிறது? பிளாஸ்டர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள். அவை தண்ணீரை உறிஞ்சுகின்றன. களிமண் துகள்கள் சுவரிலேயே தங்கிவிடுகின்றன. சுருக்கமாகச் சொன்னால் இது வடிகட்டல். சாதாரணமாக வடிகட்டும்போது வடிந்து வருவதை எடுத்துக்கொண்டு தங்கியதை வீசுவோம். இங்கே தங்கியதுதான் சரக்கு. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முதல் அடுக்கு படிந்த பிறகு வரும் தண்ணீர், பிளாஸ்டரைத் தொடுவதற்கு முன்னால் அந்தக் களிமண் அடுக்கையே ஊடுருவியாக வேண்டும். அடுக்கு தடிக்கத் தடிக்க வழி கடினமாகிறது. அதனால் தோலின் தடிமனை இரண்டு மடங்காக்க வேண்டுமானால் நேரம் நான்கு மடங்கு ஆகும். சூத்திரம் படிக்காமலேயே, எவ்வளவு நேரம் விட்டால் எவ்வளவு தடிமன் கிடைக்கும் என்பது அச்சு வார்ப்பவரின் கைக்குத் தெரியும்.

பட்டறை வாசலில் நிற்கும் டீசல் காரின் பானெட்டுக்குள்ளும் இதே வேலை நடந்துகொண்டிருக்கிறது. டம்ளர் அளவு உருளை ஒன்று. மெக்கானிக்குகள் டீசல் பில்டர் என்பார்கள். அதை வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாமா என்று பலர் கேட்கிறார்கள். பெரும்பாலான பழைய வண்டிகளிலும் சில புதிய வண்டிகளிலும் மாற்றலாம். கழற்றி மாட்டும் வேலை அரை மணி நேரத்துக்கு மேல் போகாது. ஆனால் அந்த உருளைக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் கை வைத்தால், காப்பாற்றப் போன பாகத்தையே கெடுத்துவிடுவோம். அதனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் மண்ணையும் தண்ணீரையும் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

விருத்தாசலத்துக்கு அருகில் நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரியை மூடிக் கிடக்கும் மண் அடுக்குகளில் வெண்களிமண்ணும் உண்டு. நெய்வேலித் திட்டத்தைத் தொடங்கியபோது சுரங்கம், அனல்மின் நிலையம், உர ஆலை இவற்றோடு களிமண் கழுவும் ஆலையையும் சேர்த்தே அமைத்தார்கள். களிமண்ணைக் கழுவுவது என்றால் அதிலுள்ள மணலைப் பிரிப்பது. மண்ணைத் தண்ணீரில் கரைத்து மெல்ல ஓடவிட்டால் மணல் அடியில் தங்கும், களிமண் தண்ணீரோடு போகும். காரணம் எடை என்று சட்டென்று சொல்லத் தோன்றும். ஆனால் மணலும் களிமண்ணும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி கொண்டவை. பிரித்து வைப்பது அளவு.

இந்தக் கணக்கை 1851-இல் எழுதி வைத்தவர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். திரவத்துக்குள் விழும் சிறு உருண்டையின் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விட்டம் 10 மடங்கு குறைந்தால் வேகம் 100 மடங்கு குறையும். 50 மைக்ரான் விட்டமுள்ள மணல் துகள் தண்ணீரில் ஒரு நிமிடத்தில் சுமார் 17 சென்டிமீட்டர் இறங்கிவிடும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி ஒன்று 70 மைக்ரான் அளவில் இருக்கும். 2 மைக்ரான் களிமண் துகளோ ஒரு மணி நேரம் ஆனாலும் ஒன்றரை சென்டிமீட்டரைத்தான் கடந்திருக்கும். ஒரே தொட்டியில் ஒன்று நிமிடத்தில் தரை தொடுகிறது, மற்றொன்று நாள் முழுக்க மிதக்கிறது.

டீசலில் இந்த விதி தலைகீழ்க் கூட்டாளியோடு வேலை செய்கிறது. அங்கே அடியில் போய்ச் சேர வேண்டியது தண்ணீர். இந்தியாவில் இன்று விற்கும் பிஎஸ் 6 டீசலின் அடர்த்தி ஒரு லிட்டருக்கு 810 முதல் 845 கிராம், தண்ணீருடையது 1000. டீசலில் தண்ணீர் கொஞ்சம் கரைந்தே இருக்கும். கிலோவுக்கு 200 மில்லிகிராம் வரை தரநிலையே அனுமதிக்கிறது. டேங்கில் டீசல் குறையக் குறைய வெளிக்காற்று உள்ளே போகிறது. மழைக்கால இரவில் அந்த ஈரம் டேங்கின் சுவரில் பனித்து இறங்குகிறது. இன்ஜினைச் சுற்றிவிட்டுச் சூடாகத் திரும்பும் டீசலில் அதிகம் கரைந்திருந்த தண்ணீர், ஆறியதும் துளிகளாகப் பிரிகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கடலூர் மாவட்டத்தில் டேங்கைப் பாதியாகவே வைத்து ஓட்டுபவர் தனக்குத் தெரியாமல் தண்ணீரையும் சேர்த்தே ஓட்டுகிறார்.

பில்டரின் அடிப்பாகத்தில் ஒரு சிறு காலி இடம் விட்டிருப்பது இந்தத் தண்ணீருக்காகத்தான். 100 மைக்ரான் துளி டீசலில் மணிக்கு ஒரு மீட்டருக்கு மேல் இறங்கும். 10 மைக்ரான் துளியோ மணிக்கு ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான். வண்டி ஓடும்போது டீசல் இதைவிட வேகமாக ஓடுவதால் சிறு துளிக்கு அடியில் தங்க வாய்ப்பே இல்லை. ஆகவே பில்டர் தாளில் தண்ணீர் ஒட்டாத பூச்சு பூசுகிறார்கள். தாளைத் தாண்ட முடியாத துளிகள் அதன் மேல் ஒன்றோடொன்று சேர்ந்து பெருக்கின்றன; பெருத்தபின் ஸ்டோக்ஸ் விதி அவற்றை இழுத்துக் கீழே கொண்டுபோகிறது. மீதியை இரவு பார்த்துக்கொள்ளும். வண்டி 10 மணி நேரம் அசையாமல் நின்றால் 10 மைக்ரான் துளிகூட 10 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கிவிடும். அது பில்டரின் உயரம் அளவு. பில்டரின் அடித் திருகைத் திறந்து தண்ணீர் விட வேண்டுமானால் காலையில், இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் விட வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். சாயங்காலம் வண்டியை நிறுத்தியவுடன் திறந்தால் வருவது பெரும்பாலும் டீசல்தான். விடுவதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். மேலே வைக்கோல் நிறம், கீழே நிறமற்ற ஒரு பட்டை, இரண்டுக்கும் நடுவே கத்தியால் வெட்டியதுபோல ஒரு கோடு. அந்தக் கோட்டில் சில சமயம் பழுப்பாக, வழவழப்பாக ஒரு படலம் தெரியும். அது உயிருள்ளது. டீசலைத் தின்று தண்ணீரில் வாழும் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் குடியிருக்கும். தண்ணீர் தங்கவில்லையென்றால் அவற்றுக்கு அங்கே இடமில்லை.

தண்ணீரை விடத் தூசி கொடியது. பில்டர் எதற்காக என்று கேட்டால், இன்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரின் துளை அடைக்காமல் இருக்க என்பார்கள். துளை சுமார் 120, 150 மைக்ரான் இருக்கும்; தூசித் துகளுக்கு அது அகலமான வாசல். இன்ஜெக்டருக்குள் ஏறி இறங்கும் ஊசிக்கும் அதன் உறைக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் ஆபத்தான இடம். அது 2 முதல் 4 மைக்ரான். அந்த இடைவெளியைவிடப் பெரிய துகள் உள்ளே போகாது. மிகச் சிறியது உரசாமல் போய்விடும். ஏறக்குறைய அதே அளவில் இருப்பது மாட்டிக்கொண்டு அறுக்கும். பீங்கான் ஊருக்கு இதில் தனி அக்கறை இருக்க வேண்டும். தூய வெண்களிமண் நகத்தால் கீறக்கூடிய மென்மையானது, எஃகை ஒன்றும் செய்யாது. ஆனால் குழம்பில் சேர்க்கும் குவார்ட்ஸ் பொடியும், பலம் கூட்டும் அலுமினாவும் கெட்டிப்படுத்திய எஃகையே கீறக்கூடியவை. மண் அரைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தும் வண்டியின் பானெட்டில் படிந்த வெள்ளைத் தூளில் எது களிமண், எது குவார்ட்ஸ் என்று கண்ணால் பிரிக்க முடியாது. அத்தனையையும் குவார்ட்ஸ் என்றே வைத்துக்கொள்வது நல்லது.

அறுத்தால் என்ன? பழைய அம்பாசடர் டீசல் தலைமுறையில் இன்ஜெக்டரின் நாசில் திறக்கும் அழுத்தம் 150 பார் அளவில் இருந்தது. கொஞ்சம் கசிந்தாலும் வண்டி புகை கக்கிக்கொண்டே ஓடும். 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில், ‘ரெயில்’ என்னும் ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டர்களுக்கும் அழுத்தமேற்றிய டீசலைத் தரும் காமன் ரெயில் முறை முதன்முதலில் விற்பனைக்கு வந்தபோது அழுத்தம் 1350 பார். இன்று 2000 பார் சாதாரணம். கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம் என்று நினைத்துக்கொண்டால் அதன் கடுமை புரியும். அந்த அழுத்தத்தில் இடைவெளி ஒரு மைக்ரான் கூடினாலும் கசிவு பல மடங்காகும். டீசல் திரும்பும் குழாய் வழியாக டேங்குக்கே ஓடும், ரெயிலில் அழுத்தம் ஏறாது. காலையில் எவ்வளவு நேரம் ஸ்டார்டர் அடித்தாலும் வண்டி எழாது. அப்போது மாற்ற வேண்டியிருப்பது பில்டரை அல்ல, இன்ஜெக்டர்களை. அந்தச் செலவில் வாழ்நாள் முழுவதற்குமான பில்டர்கள் வாங்கலாம்.

பில்டர் தாளைச் சல்லடை என்று நினைப்பதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தொடக்கம். சல்லடை, துளையைவிடப் பெரியதை நிறுத்தும், சிறியதை விட்டுவிடும். பில்டர் தாளோ இழைகள் தாறுமாறாகக் கிடக்கும் ஆழமான காடு. டீசல் இழைகளைச் சுற்றி வளைந்து வளைந்து போகிறது. வளைய முடியாத துகள் நேராகப் போய் இழையில் மோதி ஒட்டுகிறது. மிகச் சிறியது அங்குமிங்கும் அலைந்து எங்காவது தொட்டு நிற்கிறது. வழியின் அகலத்தைவிடச் சிறிய துகள்களும் இப்படித்தான் அகப்படுகின்றன. அகப்பட்டவை வழியை இன்னும் குறுக்குகின்றன. பிளாஸ்டர் அச்சில் படிந்த களிமண்ணே அடுத்து வருவதை வடிகட்டியது போல, தாளில் படிந்த அழுக்கே அடுத்த அழுக்கைப் பிடிக்கிறது. கொஞ்சம் ஓடிய பில்டர், புத்தம் புதியதைவிட நன்றாக வடிகட்டும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று சீக்கிரம் சீக்கிரம் மாற்றுவதில் இன்ஜினுக்கு லாபம் இல்லை. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தூசி உள்ளே போக ஒரு வாய்ப்பு கூடுகிறது. வண்டியின் கையேட்டில் எத்தனை கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறதோ அதுவரை பொறுக்கலாம், அதைத் தாண்டிப் பொறுக்கக் கூடாது. தாண்டினால் அச்சில் நடந்ததே இங்கும் நடக்கும்: அடுக்கு தடித்து, வழி கடினமாகி, ஏற்றத்தில் இன்ஜின் கேட்கும் டீசல் போய்ச் சேராது. விருத்தாசலம் சமதளம், அறிகுறி தெரியாமல் பல மாதம் ஓடும். பொருட்களை ஏற்றிக்கொண்டு ஏற்காடு மலை ஏறும் அன்றைக்குத்தான் தெரியும்.

அந்தச் சிறு உருளைக்கு இத்தனை வேலை எப்படி முடிகிறது என்பதற்கு மடிப்புதான் பதில். 8 சென்டிமீட்டர் விட்டம், 8 சென்டிமீட்டர் உயரம் உள்ள உருளையில் தாளை வெறுமனே சுற்றினால் சுமார் 200 சதுர சென்டிமீட்டர். அதையே ஒன்றரை சென்டிமீட்டர் ஆழமுள்ள 60 மடிப்புகளாக மடித்தால் 1440 சதுர சென்டிமீட்டர். பரப்பு 7 மடங்கு கூடினால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாகவும் டீசல் 7 மடங்கு மெதுவாகப் போகலாம். விலை குறைந்த போலி பில்டர்களில் மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் இந்த மடிப்புகளில்தான். வெளி உறை ஒன்றுபோல இருக்கும். உள்ளே தாள் பாதிதான்.

இப்போது ஸ்பேனரை எடுக்கலாம். ஒரு எச்சரிக்கையோடு: டீசல் பெட்ரோல் போலப் பற்றிக்கொள்ளாது என்ற நம்பிக்கையை நம் ஊரில் விட்டுவிட வேண்டும். ஐரோப்பிய டீசலின் தீப்பற்றும் வெப்பநிலை 55 டிகிரிக்கு மேல். இந்தியத் தரநிலை கேட்பது குறைந்தபட்சம் 35 டிகிரி மட்டுமே. சித்திரை வெயிலில் விருத்தாசலத்தின் நிழலே அதைத் தாண்டும். அப்போது சிந்திய டீசலின் மேல் தீப்பற்றக்கூடிய ஆவி இருக்கலாம். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், காற்றோட்டம் வேண்டும், பக்கத்தில் பீடியோ அடுப்போ கூடாது.

முதல் வேலை கழற்றுவது அல்ல, கழுவுவது. பில்டரின் தலையிலும் குழாய் இணைப்புகளிலும் படிந்த மண்ணை ஈரத் துணியால் துடைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, காயவிட்ட பிறகுதான் கிளிப்பில் கை வைக்க வேண்டும். துடைக்கும் துணி நூல் பிரியாததாக இருக்கட்டும். குழாய்கள் எது எங்கே என்று போனில் படம் எடுத்துக்கொள்வது நல்ல பழக்கம். பில்டர் தலையில் டீசல் போகும் திசைக்கு அம்புக்குறியும் இருக்கும். கழற்றிய குழாயின் வாயைச் சுத்தமான பிளாஸ்டிக் பையால் உடனே மூடிவிடுங்கள். சிந்தும் டீசல் பெல்ட்டிலோ ரேடியேட்டர் ஹோஸிலோ படாதபடி கீழே ஒரு தட்டு வையுங்கள். ரப்பரை டீசல் ஊறவைத்துக் கெடுத்துவிடும். தண்ணீர் இருப்பதைச் சொல்லும் சென்சார் பழைய பில்டரின் அடியில் இருந்தால் அதைக் கழற்றிப் புதியதில் மாட்ட வேண்டும். ஓ-ரிங் மட்டும் எப்போதும் புதிது. அதில் கொஞ்சம் டீசல் தடவி உட்கார வைத்தால் முறுக்காமல் அமரும்.

பம்பிலிருந்து ரெயிலுக்கும், ரெயிலிலிருந்து இன்ஜெக்டருக்கும் போகும் இரும்புக் குழாய்களை எந்தக் காரணத்துக்காகவும் வீட்டில் தளர்த்தக் கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசி குத்தியது போலச் சிறிதாகத்தான் தெரியும், வலியும் முதலில் இருக்காது. உள்ளே சதை அழுகத் தொடங்கியிருக்கும். அப்படி ஒன்று நடந்தால் அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும்.

புது பில்டரை மாட்டுவதற்கு முன் கேனிலிருந்து டீசல் ஊற்றி நிரப்பும் வழக்கம் பல மெக்கானிக்குகளிடம் உண்டு. டிராக்டர் காலத்திலிருந்து வந்தது. அந்தக் காலத்துப் பம்புக்கு அது பெரிய கேடு செய்யவில்லை. காமன் ரெயில் வண்டியில் இதை ஒப்புக்கொள்ளவே முடியாது. திருகி மாட்டும் பில்டரில் பெரும்பாலும் சுற்றிலும் உள்ள சிறு துளைகள் அழுக்கு டீசல் நுழையும் வழி, நடுத் துளை வடிந்த டீசல் வெளியேறும் வழி. கேன் டீசலை நடுத் துளையில் ஊற்றினால் அது தாளைத் தொடாமலேயே நேராகப் பம்புக்குப் போகிறது. பில்டரைக் காலியாகவே மாட்டிவிட்டு, வண்டியின் சொந்த ஏற்பாட்டால் நிரப்புவதே சரி.

காலியாக மாட்டினால் உள்ளே காற்று இருக்கும். ‘ஏர் பிடித்துவிட்டது’ என்று சொல்வது இதைத்தான். 1000 பார் அழுத்தத்தில் டீசல் தன் கொள்ளளவில் சுமார் 5 சதவீதம்தான் சுருங்கும். காற்றோ 100 பாரிலேயே நூற்றில் ஒரு பங்காக ஒடுங்கிவிடும். பம்பின் உருளைக்குள் காற்றுக் குமிழி இருந்தால் அதன் உழைப்பெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே போகும், டீசல் நகராது. அதோடு பம்புக்கு உயவு தருவதும் டீசல்தான், காற்றில் ஓடினால் உலோகம் உலோகத்தோடு தேயும். அதனால் ஸ்டார்டரை விடாமல் அடித்துக் காற்றை வெளியேற்றப் பார்ப்பது தவறு. கை பம்பு இருக்கும் வண்டியில் அது கல் போல இறுகும்வரை அமுக்க வேண்டும். டேங்குக்குள் மின் பம்பு இருந்தால் சாவியை ஆன் செய்து சில விநாடி பொறுத்து ஆஃப் செய்வதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். கணினிக் கருவி இல்லாமல் ஏர் எடுக்க முடியாத வண்டிகளும் உண்டு. கையேடு அப்படிச் சொன்னால் வேலையை ஒர்க்‌ஷாப்பிடம் விட்டுவிடுங்கள். வண்டி எழுந்ததும் சில நிமிடம் ஓடவிட்டு, காய்ந்த வெள்ளைத் தாளால் ஒவ்வொரு இணைப்பையும் ஒற்றிப் பார்த்தால் கசிவு தெரிந்துவிடும்.

2020 ஏப்ரல் 1 முதல் விற்கும் பிஎஸ் 6 டீசல் கார்களில் இன்னொரு பில்டரும் இருக்கிறது. புகைக் குழாயில், கரியைப் பிடிப்பதற்கு. அது பீங்கான். களிமண், டால்க், அலுமினா மூன்றையும் சேர்த்துச் சுட்டால் கிடைக்கும் கார்டியரைட் அதற்குப் பெரிதும் பயன்படும் பொருள்களில் ஒன்று. சூட்டில் மிகக் குறைவாகவே விரிவதால் வெடிக்காது. அதிலும் கரியின் மேல் கரி படிந்து, அந்தப் படிவே வடிகட்டுகிறது. 600 டிகிரி அளவில் சூடேற்றிப் படிந்ததை எரித்துவிட்டு மறுபடி பயன்படுத்தலாம். தாள் பில்டரை அப்படி எரிக்க முடியாது என்பதால்தான் அதை மாற்றுகிறோம். பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே அரசுக் கல்வி நிலையம் உள்ள ஊர் விருத்தாசலம். ஃபியூஸ் கட்டைக்கும் பொம்மைக்கும் அப்பால் இந்தத் துளைப் பீங்கானை அங்கே படிக்கும் பிள்ளைகள் கையில் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

கழற்றிய பழைய பில்டரைக் குப்பையிலும் மணிமுத்தாற்றங்கரையிலும் எறியாதீர்கள். பழைய ஆயில் வாங்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுக்கலாம். கொடுப்பதற்கு முன் அதிலிருந்த டீசலை ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் கவிழ்த்துப் பாருங்கள். கறுப்புக் கோழை இருந்தால் டேங்கில் தண்ணீரும் பூஞ்சையும் குடியிருக்கின்றன, டேங்கையே கழுவ வேண்டும். செம்பழுப்புத் தூள் துரு. சாம்பல் வெள்ளையாக நறநறவென்று விரலுக்குத் தட்டுப்படுவது மண். டேங்கின் மூடியையும் காற்றுக் குழாயையும் சோதிக்க வேண்டும். கிண்ணத்தைச் சாய்க்கும்போது வெளிச்சத்தில் மினுமினுக்கும் தூள் தெரிந்தால் மட்டும் வேறு கதை. ஒரு காந்தத்தைக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் வைத்து நகர்த்துங்கள். தூளும் கூடவே நகர்ந்தால் அது எஃகு, பம்ப் தன்னையே அரைத்துக்கொண்டிருக்கிறது. புது பில்டர் மாட்டியாயிற்று என்று அந்த வண்டியை எடுக்க வேண்டாம். கயிறு கட்டி இழுத்துப் போய்ப் பம்பைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.